ஒரு காலி இடம், நான்கு வகை ஆட்கள்: தொழில்நுட்ப வேலைக்கு வயதும் அனுபவமும்

குழுவில் ஒரு மென்பொருள் பொறியாளர் விலகிவிட்டார், அவருக்குப் பதிலாக ஆள் எடுக்கப் பட்ஜெட்டும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்குள் நான்கு வழிகள் இருக்கின்றன. படிப்பை முடித்த கையோடு வரும் ஃப்ரெஷர்கள் இருவரை எடுக்கலாம். ஐந்து முதல் எட்டு வருடம் வேலை பார்த்த ஒருவரை எடுக்கலாம். இருபது வருடத்துக்கு மேல் இந்தத் துறையில் இருந்து, இன்னும் தன் கையால் கோட் எழுதிக்கொண்டிருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுக்கலாம். நான்காவது வழியைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வேறு துறையில் பல வருடம் இருந்துவிட்டு நாற்பது வயதில் மென்பொருளுக்கு மாறி வந்தவரை எடுக்கலாம்.

இதில் எந்த வழியில் போகிறோம் என்பது அந்தக் குழுவின் அடுத்த சில வருடங்களைத் தீர்மானிக்கும். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. போன முறை போட்ட விளம்பரத்தைத் தேடி எடுத்து, ‘5 முதல் 8 வருட அனுபவம்’ என்ற வரியைக்கூட மாற்றாமல் மறுபடி போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் மூன்று வழிகள் அடைபட்டுப் போகின்றன. தகுதியான பலர் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒதுங்கிவிடுகிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அதனால் நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன், வருடக் கணக்கும் வயதும் ஒருவரைப் பற்றி எவ்வளவுதான் சொல்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம்.

வருடக் கணக்கு எவ்வளவு சொல்லும்?

1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள், ஆள் தேர்வு பற்றி அதுவரை 85 வருடங்களில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுக்க நாம் பார்க்கும் விஷயத்துக்கும், பின்னாளில் அவர் வேலை செய்யும் தரத்துக்கும் எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்பதை ஓர் எண்ணால் குறிப்பார்கள். 1 என்றால் முழுத் தொடர்பு, 0 என்றால் சம்பந்தமே இல்லை. அனுபவ வருடங்களுக்குக் கிடைத்த எண் 0.18. வயதுக்குக் கிடைத்தது -0.01, அதாவது ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 2019-இல் சாட் வான் இடெகிங்கேயும் அவருடைய குழுவினரும், வேலையில் சேரும் முன் வேறு இடங்களில் பெற்ற அனுபவத்தை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். அப்போது அந்த எண் 0.06-க்கு இறங்கிவிட்டது. அனுபவசாலி என்றால் சீக்கிரம் விட்டுப் போகமாட்டார் என்று நினைப்போம் அல்லவா, அதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

இதனால் அனுபவமே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் ஐந்து வருடம் வரை அனுபவம் கூடக்கூட வேலைத் தரமும் கூடுகிறது, அதற்குப் பிறகு பெரிய ஏற்றம் இல்லை என்றும் ஷ்மிட்டும் ஹன்டரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஒரு வருடக்காரருக்கும் ஐந்து வருடக்காரருக்கும் நடுவே உள்ள இடைவெளி உண்மையானது. எட்டு வருடத்துக்கும் பதினெட்டு வருடத்துக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்பதைத்தான் எண்ணிக்கை சொல்லாது. அந்தப் பத்து வருடத்தில் அவர் என்ன செய்தார் என்று உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

மென்பொருள் துறையில் இது புதிய செய்தியும் அல்ல. 1968-இலேயே சாக்மன், எரிக்சன், கிரான்ட் மூவரும் அனுபவமுள்ள புரோகிராமர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே பிழையைக் கண்டுபிடிக்க ஒருவர் எடுத்துக்கொண்ட நேரம் இன்னொருவருடையதைவிடப் பல மடங்கு இருந்தது. அந்த வித்தியாசத்துக்கும் அவர்கள் வேலை பார்த்த வருடங்களுக்கும் தொடர்பு தென்படவில்லை. கலந்துகொண்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்பதால் அதை வைத்துப் பெரிய சட்டம் எதுவும் போட முடியாது. ஆனால் குழுவில் வேலை பார்த்த யாருக்கும் அந்த முடிவு ஆச்சரியமாக இருக்காது.

ஒரு குறிப்பிட்ட கருவியில் இத்தனை வருடம் என்று கேட்பது இன்னும் மோசம். பைதான் மொழியில் இணைய சேவைகள் எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற கருவியை 2018 கடைசியில் வெளியிட்டவர் செபாஸ்டியன் ராமிரெஸ். 2020-இல் ஒரு விளம்பரம் அதில் நான்கு வருடத்துக்கு மேல் அனுபவம் கேட்டதாகவும், அதை உருவாக்கிய தனக்கே ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்பதால் விண்ணப்பிக்க முடியவில்லை என்றும் அவர் எழுதினார். விளம்பரம் எழுதியவர் தெரியாமல் செய்த பிழைதான் அது. ஆனால் எங்கோ ஒரு விளம்பரத்தில் மட்டும் நடக்கும் பிழை அல்ல. ஜாவாவில் நான்கு வருடம், பைதானில் ஆறு வருடம், கிளவுடில் ஐந்து வருடம் என்று எழுதும் எல்லா விளம்பரங்களிலும் இதே கோளாறு இருக்கிறது, மற்றவற்றில் கண்ணுக்குப் படுவதில்லை.

வயது மட்டும்

வயதுக்கு வருவோம். 2007-இல், 22 வயதில், இளையவர்கள் அறிவில் ஒரு படி மேல் என்று ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் சக்கர்பெர்க் மேடையில் பேசியது பரவலாகத் தெரிந்ததுதான். அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் அந்த எண்ணம் இந்தத் துறையில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது.

மூளையின் வேகத்தைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. ஜோஷுவா ஹார்ட்ஷோர்ன், லாரா ஜெர்மைன் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தகவலைக் கையாளும் வேகம் பதின்வயது முடியும் தறுவாயில் உச்சத்தைத் தொடுகிறது. ஆனால் எல்லாத் திறமைகளும் ஒரே வயதில் ஏறி ஒரே வயதில் இறங்குவதில்லை. சொல்வளம் போன்ற சேர்த்துவைத்த அறிவு அறுபதைத் தாண்டியும் வளர்கிறது. சரி, மென்பொருள் வேலை இதில் எந்தப் பக்கம்? 2013-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் பயனர்களை வயதுவாரியாகப் பார்த்தார்கள். மற்றவர்கள் போடும் ஓட்டால் கிடைக்கும் மதிப்பெண் ஐம்பதுகள் வரை வயதோடு சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. புதிய தொழில்நுட்பங்கள் பற்றிய அறிவிலும் மூத்தவர்கள் பின்தங்கிவிட்டதாகத் தெரியவில்லை.

நிறுவனம் தொடங்குகிறவர்களைப் பார்த்தாலும் இதே கதைதான். பியர் அசூலேயும் பெஞ்சமின் ஜோன்ஸும் வேறு இருவரும் அமெரிக்க அரசுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்னும்படியான நிறுவனங்களை எடுத்தால், அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கியபோது அவருக்கு 21 வயது. அதை எல்லோரும் சொல்வார்கள். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், 2007-இல் கோ என்ற புரோகிராமிங் மொழியின் வடிவமைப்பில் இறங்கியபோது அவருக்கு 64. பிரையன் கெர்னிகன், தான் இளமையில் சேர்ந்து எழுதிய ஆக் என்ற கருவிக்கு, பல மொழி எழுத்துகளையும் கையாள உதவும் யூனிகோட் வசதியைச் சேர்த்தது 2022-இல், 80 வயதில். எல்லோரும் தாம்ப்சன் ஆகிவிட முடியாது என்பது சரிதான். ஆனால் எல்லா 21 வயதுக்காரர்களும் டோர்வால்ட்ஸ் இல்லையே.

இரண்டு ஃப்ரெஷர்கள்

ஒருவர் சம்பளத்தில் இருவர் கிடைக்கிறார்கள் என்பதுதான் இதில் முதலில் கண்ணுக்குத் தெரியும் லாபம். மறைந்திருக்கும் செலவு சொல்லிக் கொடுப்பவரின் நேரம். எழுதிய கோடைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூ, ‘இது ஏன் இப்படி எழுதியிருக்கிறது’ என்ற கேள்விகள், புரொடக்‌ஷனில் (பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் அமைப்பில்) கை வைக்கும்போது பக்கத்தில் நிற்பது எல்லாம் சேர்ந்து, முதல் சில மாதங்களில் குழுவில் ஏற்கெனவே இருக்கும் சீனியரின் வேலை நேரத்தில் கணிசமான பங்கைச் சாப்பிட்டுவிடும். ஏற்கெனவே தாமதமாகிப் போன திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் சொன்னதற்கு ஒரு காரணம் இதுதான். அவர் ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார். அதனால் குழுவில் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இல்லை என்றால் இரண்டு ஃப்ரெஷர்களை எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது அநியாயம். தொழிலின் முதல் இரண்டு வருடங்களில் படியும் பழக்கங்கள் கடைசி வரை கூட வரும், அந்த நேரத்தில் வழிகாட்ட ஆளில்லாமல் விடுவது பெரிய கெடுதல்.

சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறார் என்றால் என் கருத்து தலைகீழ். தைரியமாக எடுங்கள். புதிதாக வருபவரின் கேள்விகளால் குழுவும் தேறும். யாருக்கும் காரணம் தெரியாமல் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ‘இது எதற்கு?’ என்று கேட்பவர் பெரும்பாலும் புதியவராகத்தான் இருப்பார். பதில் சொல்வதற்காகவாவது மற்றவர்கள் அதைத் திறந்து பார்ப்பார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் ஃப்ரெஷர் எதற்கு என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். இதன் விளைவு எண்களிலும் தெரிகிறது. எரிக் பிரின்யோல்ஃப்சனும் ஸ்டான்ஃபோர்ட் சகாக்களும் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வைத்து 2025-இல் வெளியிட்ட ஆய்வில், 22 முதல் 25 வயது வரையிலான மென்பொருள் உருவாக்குநர்களின் எண்ணிக்கை, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து 2025 ஜூலைக்குள் கிட்டத்தட்ட 20 சதவீதம் இறங்கியிருந்தது. அதே காலத்தில் மூத்தவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. ஒரு குழுவின் பட்ஜெட்டை மட்டும் பார்த்தால் இந்த முடிவு புரிகிறது. ஆனால் எல்லாக் குழுக்களும் இதையே செய்தால், கருவி எழுதிக் கொடுத்த கோட் சரியா தவறா என்று தீர்ப்பு சொல்லும் ஆட்கள் பத்து வருடம் கழித்து எங்கிருந்து வருவார்கள்? அந்தத் தீர்ப்பு சொல்லும் திறமை, கையால் எழுதி, உடைத்து, சரிசெய்து வருவது. ஐந்து பேருக்கு மேல் உள்ள குழு ஒன்று ஒரு ஃப்ரெஷரைக்கூட எடுக்காமல் வருடக்கணக்கில் இருந்தால், அது மற்றவர்கள் வளர்த்த ஆட்களை எடுத்துச் செலவழிக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

ஐந்து முதல் எட்டு வருடக்காரர்

எல்லோரும் கேட்பது இவரைத்தான். காரணமும் நியாயமானது. அடிப்படைகளைக் கற்றுத் தர வேண்டியதில்லை, சேர்ந்த முதல் மாதமே வேலை நகரும், சம்பளமும் உச்சத்தில் இருக்காது. நேரம் குறைவு, வேலை என்னவென்று தெளிவாகத் தெரியும், வடிவமைப்பு முடிந்துவிட்டது என்ற நிலையில் இவரே சரியான ஆள், அதில் சந்தேகம் வேண்டாம்.

எல்லோரும் இவரையே தேடுவதால் போட்டி அதிகம், நோட்டீஸ் பீரியட் முடிவதற்குள் கைமாறிப் போவதும் அதிகம். இன்னொன்றும் உண்டு. இந்தக் கட்டத்தில் அடிக்கடி இடம் மாறியிருந்தால், தான் கட்டியது இரண்டு வருடம் கழித்து எப்படி விரிசல் விடுகிறது என்பதைப் பார்க்காமலேயே வந்திருப்பார். ரெஸ்யூமேயில் ஐந்து திட்டங்கள் இருக்கும், எதிலும் கடைசி வரை இருந்திருக்கமாட்டார். இன்டர்வியூவில் இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: நீங்கள் எடுத்த முடிவு ஒன்று பின்னால் எப்படி ஆனது, அப்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா?

இருபது வருடம் தாண்டியவர்

இங்கேதான் அதிகத் தயக்கம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இவர் வேகமாகக் கோட் எழுதுவார் என்பதற்காக எடுக்கக் கூடாது. எழுதாமல் விடுவது எது என்று தெரிந்தவர் என்பதற்காக எடுக்கலாம். புதிதாக ஒரு சேவை கட்ட வேண்டும் என்று கூட்டத்தில் முடிவாகும் நேரத்தில், இருக்கும் டேட்டாபேஸில் தேடலை வேகப்படுத்தும் ஒரு இன்டெக்ஸ் சேர்த்தால் போதும் என்று சொல்லக்கூடியவர். டேட்டாவை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றும் வேலையில், திரும்பி வரும் வழியை முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் தொடங்குவார். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் கடைசியாக என்ன மாறியது என்று கேட்டுவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவார். இவையெல்லாம் பலமுறை அடிபட்டுப் படிந்த பழக்கங்கள். வாடிக்கையாளரின் பணம், உடல்நலத் தகவல், மின்சாரம், போக்குவரத்து போன்ற இடங்களில் ஒரு தவறின் விலை இவருடைய பல வருடச் சம்பளத்தைத் தாண்டும்.

பழைய அமைப்புகள் இருக்கும் இடங்களில் இவர்கள் இல்லாமல் முடியாது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலை இழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் பழைய கணினி அமைப்புகள் திணறின. அவற்றைப் பார்த்துக்கொள்ளக் கோபால் (COBOL) என்ற புரோகிராமிங் மொழி தெரிந்தவர்கள் தேவை என்று மாநில ஆளுநர் பில் மர்ஃபி வெளிப்படையாகக் கேட்டார். கோபால் 1959-இல் பிறந்த மொழி. அது தெரிந்தவர்களில் பலர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார்கள். இளையவர்கள் அந்த மொழியைக் கற்றுக்கொள்ள முடியாது என்பதல்ல பிரச்சினை. அந்த அமைப்பு ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்ற நினைவு ஆட்களோடு வெளியே போய்விட்டது, அதுதான் பிரச்சினை.

சரி, வழக்கமாகச் சொல்லும் பயங்கள். புதியதைக் கற்கமாட்டார் என்பது முதல் பயம். இருபது வருடம் இந்தத் துறையில் கோட் எழுதித் தாக்குப்பிடித்தவர், அந்தக் காலத்துக்குள் எத்தனை மொழிகளையும் கருவிகளையும் மாற்றியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். கற்காதவர் இவ்வளவு நாள் களத்தில் நின்றிருக்க முடியாது. சந்தேகம் இருந்தால் கடந்த ஒரு வருடத்தில் புதிதாக எதைக் கற்றீர்கள், அதில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன என்று கேளுங்கள். இரண்டாவது பாதிக்குப் பதில் சொல்பவர் உண்மையிலேயே பயன்படுத்திப் பார்த்தவர். தன்னைவிட இளைய மேலாளரின் கீழ் வேலை செய்யமாட்டார் என்பது இரண்டாவது பயம். இதில் தயக்கம் பெரும்பாலும் மேலாளர் பக்கம்தான். ‘அவருக்கு நான் என்ன சொல்வது’ என்ற கூச்சம், ‘அவர் ஒத்துப்போகமாட்டார்’ என்ற வடிவத்தில் அறிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அளவுக்கு மீறிய தகுதி என்பது மூன்றாவது. சின்னப் பொறுப்புக்கு அவர் தானே விண்ணப்பித்திருந்தால், ஏன் என்று நேராகக் கேட்டுவிடலாம். ஆட்களை மேய்ப்பதை விட்டுவிட்டு மறுபடி கோட் எழுத வேண்டும், குடும்பத்துக்கு நேரம் வேண்டும், நெருக்கடி குறைந்த இடம் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். மூன்றுமே நல்ல காரணங்கள். பதிலைக் கேட்காமல் நாமே ஒரு காரணத்தைக் கற்பனை செய்து நிராகரிப்பதுதான் தவறு.

உண்மையான அபாயங்கள் வேறு. பத்து வருடமாக மேலாளராக மட்டும் இருந்து, கோட் பக்கமே வராதவருக்குத் திரும்பி வர நேரம் பிடிக்கும். நல்ல ஆளாக இருந்தாலும் முதல் வாரமே பொறுப்பைக் கையில் கொடுத்துவிட முடியாது. அதேபோல் ஒரே நிறுவனத்தின் உள்கருவிகளை மட்டும் வைத்து இருபது வருடம் வேலை பார்த்தவரின் அறிவில் எவ்வளவு பகுதி வெளியே செல்லுபடியாகும் என்று பார்த்தாக வேண்டும். இந்த இரண்டும் ரெஸ்யூமேயில் ‘20+ வருடங்கள்’ என்ற ஒரே வரியாகத்தான் தெரியும். வருடக் கணக்கு இளையவர்களுக்கு மட்டும் அநியாயம் செய்வதாக நினைக்க வேண்டாம். தகுதி இல்லாத மூத்தவர்களையும் அது உள்ளே விட்டுவிடுகிறது.

நாற்பதில் துறை மாறி வந்தவர்

இவருக்கு வயது இருக்கிறது, இந்தத் துறையில் அனுபவம் இல்லை. இவரைப் பார்க்கும்போதுதான் வயதும் அனுபவமும் எவ்வளவு வேறு வேறு என்பது புரியும். ஃப்ரெஷர் சம்பளத்துக்கு வருவார், ஃப்ரெஷர் அளவுக்கே தொழில்நுட்பமும் சொல்லித் தர வேண்டியிருக்கும். ஆனால் பதினைந்து வருடம் செவிலியராக இருந்தவர் மருத்துவமனை மென்பொருள் குழுவுக்கு வந்தால், எந்தத் திரையை யாரும் பயன்படுத்தமாட்டார்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவார். கணக்காளராக இருந்தவர் சம்பளப் பட்டியல் மென்பொருளுக்கு வந்தாலும் அப்படியே. பயனருக்குத் தெளிவாக மின்னஞ்சல் எழுதுவது, கூட்டத்தைச் சொன்ன நேரத்தில் முடிப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது ஆகியவற்றை இவருக்கு யாரும் கற்றுத் தர வேண்டாம். அவருடைய பழைய துறையும் நீங்கள் மென்பொருள் எழுதும் துறையும் ஒன்றாக இருந்தால், நான்கு பேரில் விலைக்கு மிஞ்சிய பயன் தருபவர் இவர்தான் என்பது என் கருத்து. சம்பந்தமே இல்லாத துறை என்றால் அவரை மற்ற ஃப்ரெஷர்களோடு ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள். வயதுக்காகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

யாரை எப்போது?

நான் முதலில் பார்ப்பது தவறின் விலையை. ஒரு பிழை வந்தால் பக்கத்தைத் திருத்தி மறுபடி போட்டால் சரியாகிவிடுமா, அல்லது பணமோ டேட்டாவோ திரும்பி வராமல் போகுமா? திரும்பி வராது என்றால், குழுவில் குறைந்தது ஒருவராவது அப்படிப்பட்ட வேலையை நெடுநாள் செய்தவராக இருக்க வேண்டும். அவர் இல்லை என்றால் இந்தக் காலி இடம் அவருக்குத்தான், இரண்டாவது யோசனை வேண்டாம்.

அப்புறம், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். எல்லோரும் முப்பதுக்குக் கீழ் என்றால் ஒரே மாதிரியான இன்னொருவரைச் சேர்ப்பதில் பயன் குறைவு. எல்லோரும் நாற்பத்தைந்து தாண்டியவர்கள் என்றாலும் அதேதான், அங்கே ஃப்ரெஷர்கள் வேண்டும். பல குழுக்கள் ஒரே வயதினரால் நிறைந்திருப்பதற்குக் காரணம், இன்டர்வியூ எடுப்பவர்கள் தங்களோடு சுலபமாகப் பேச வருகிறவரைத் தேர்ந்தெடுப்பது. ‘கல்ச்சர் ஃபிட்’ என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஐந்தாறு மாதத்தில் பொருள் சந்தைக்கு வந்தாக வேண்டும், கையில் பணம் குறைவு என்று ஓடும் புதிய நிறுவனத்துக்கு மட்டும் வேறு பதில். அங்கே பயிற்சிக்கு நேரமில்லை, இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும்தான் திறந்திருக்கின்றன. என்னைக் கேட்டால், முதல் மூன்று நான்கு பேருக்குள் ஒருவர் மூத்தவராக இருக்கட்டும். ஆரம்பத்தில் எடுக்கும் டேட்டாபேஸ் முடிவும் பாதுகாப்பு முடிவும் பின்னால் மாற்றுவதற்கு மிகக் கடினமானவை.

சோதிக்கும் முறை

எந்த வழியைத் தேர்ந்தாலும் சோதிக்கும் முறை கோணலாக இருந்தால் பலனில்லை. 2022-இல் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் பழைய ஆய்வு எண்களை மறுபடி கணக்குப் போட்டபோது முதலிடத்தில் வந்தது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்கூட்டியே முடிவு செய்த அளவுகோலில் மதிப்பெண் போடும் இன்டர்வியூ. அதற்குக் கிடைத்தது 0.42. வேலை பற்றிய அறிவைச் சோதிக்கும் தேர்வுகளும், உண்மையான வேலையின் ஒரு துண்டைச் செய்யச் சொல்வதும் பட்டியலில் மேலேதான் இருந்தன. பலகையில் அல்காரிதம் புதிர் போடச் சொல்வது கல்லூரியை விட்டு வந்து சில மாதம் ஆனவருக்குச் சாதகமாகவும், பதினைந்து வருடமாக உண்மையான அமைப்புகளைக் கட்டியவருக்குப் பாதகமாகவும் முடியும். அதற்குப் பதில் உங்கள் கோடிலிருந்து நூறு வரி கொடுத்து, இதில் எது உங்களைக் கவலைப்பட வைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஃப்ரெஷருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் ஒரே கேள்விதான், ஆளுக்கேற்ற பதில் வரும்.

ரெஸ்யூமேயை வடிகட்டும் மென்பொருளில் என்ன விதி எழுதியிருக்கிறது என்பதை நீங்களே திறந்து பாருங்கள். அமெரிக்காவில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துச் சீன மாணவர்களுக்கு இணையவழி ஆங்கிலப் பாடம் நடத்திய ஒரு நிறுவனத்தின் மென்பொருள், 55 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களையும் 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களையும் தானாகவே நிராகரித்தது. ஒருவர் அதே விண்ணப்பத்தைப் பிறந்த தேதியை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பியதும் இன்டர்வியூ அழைப்பு வந்தது, அதில்தான் விஷயம் வெளியே தெரிந்தது. 2023-இல் அந்த நிறுவனம் 3,65,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. கூகுளும் 2019-இல், நாற்பது தாண்டிய இருநூறுக்கு மேற்பட்ட விண்ணப்பதாரர்கள் சம்பந்தப்பட்ட வயதுப் பாகுபாட்டு வழக்கை, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 1.1 கோடி டாலருக்குத் தீர்த்துக்கொண்டது.

அமெரிக்காவில் நாற்பதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 1967-ஆம் வருடச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் வருட உத்தரவு எல்லா வயதினருக்கும் பொதுவானது, மிக இளையவர் என்பதற்காக ஒதுக்குவதும் அதில் அடங்கும். ஆனால் சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. ‘ஏழு வருடத்துக்கு மேல் அனுபவம் கூடாது’ என்று போட்ட விளம்பரம் ஒன்றை எதிர்த்து 58 வயது வழக்கறிஞர் ஒருவர் வழக்குப் போட்டார். 2019-இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வயதை நேரடியாகக் குறிப்பிடாத ஒரு விதி மூத்தவர்களை அதிகமாகப் பாதித்தால் அதை எதிர்த்து வழக்குப் போடும் வழி, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குத்தான், வெளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அனுபவத்துக்கு மேல்வரம்பு போடுவது சுற்றி வளைத்து வயதுக்கு வரம்பு போடுவதுதான் என்பதே என் கருத்து. உங்கள் விளம்பரத்தில் அப்படி ஒரு மேல்வரம்பு இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சம்பளத்தை மனதில் வைத்துத்தான் அதைப் போட்டீர்கள் என்றால், அதற்குப் பதில் சம்பள வரம்பையே எழுதிவிடுங்கள். அந்தச் சம்பளத்துக்கு வரலாமா வேண்டாமா என்பதை ஐம்பது வயதுக்காரர் தானே முடிவு செய்துகொள்வார்.